பதினோரு மணி ரீடிங்

பத்து நாற்பது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. வடிவு பூஜை அலமாரிக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து அந்த வெள்ளைப் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி என்றால் வைஃபை பெட்டி. முருகனுக்கும் காந்திமதி அம்மனுக்கும் நடுவில், நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமுமாக, நாலு பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு, நானும் இந்த வீட்டில் ஒரு சாமிதான் என்கிற தோரணையில் இருந்தது. இப்போது பார்த்தால் பரம சாது. அதுதான் வயிற்றெரிச்சல். பதினோரு மணி அடிக்கிறவரை ஒரு குறையும் இருக்காது, அடித்தவுடன் மூச்சை நிறுத்திவிடும், ஒன்றரை நிமிஷம் கழித்து ஒன்றும் தெரியாத மாதிரி மறுபடி ஓடும். அந்த ஒன்றரை நிமிஷம் போதாதா ஒரு குடும்பத்தைப் பிரிக்க. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் இதே கதை. இன்றைக்கு வியாழன். 'நாளை 11. கடைசி.' தங்கச்சி பிரமு நேற்று சாயங்காலம் அனுப்பியது அவ்வளவுதான். கடைசி என்றால் என்ன கடைசி, போன் பேசுவது கடைசியா, அக்கா தங்கச்சி என்கிறதே கடைசியா, இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்து எழுதினால் கையா தேய்ந்துவிடும்? தேயாது. ஆனால் பிரமுவுக்கு எழுத்து என்பது ஆபீஸில் படிவம் நிரப்புகிற மாதிரி. அவள் பேச்சு எழுத்தில் இல்லை, கையில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது.

மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும், 'கேக்குதா, கேக்குதா' என்று கத்திக்கொண்டாவது இருக்கலாம். பிரமுவுக்குப் படம்தான் குரல். படம் நின்றால் வாயைப் பொத்தின மாதிரி. அதுவும் திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் வேலை நேரத்துக்கு போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், டீ நேரத்தில்தான் கொடுப்பார்கள், பதினொன்றிலிருந்து பதினொன்றேகால். பெண்கள் விடுதி ஒரு பக்கம், ஆண்கள் விடுதி ஊருக்கு அந்தப் பக்கம், ஆகையால் பிரமுவும் அந்தச் சௌந்தரும் சேர்ந்து ஒரு போன் முன்னால் நிற்க முடிகிற நேரமும் அந்தப் பதினைந்து நிமிஷம்தான். சௌந்தர். பேர் மட்டும்தான் தெரியும். அவனுக்கும் காது கேட்காது என்று தெரியும். கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான், நாற்பது வயது, தேனிப் பக்கம். நாளைக்கு அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, கேட்கிற இடத்தில் இருக்கிறது வடிவு ஒருத்திதான். அக்கா பார்த்துச் சரி என்று சொன்னால் பிரமு அவர்களிடம் சரி என்பாள், அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம் என்பாள், முப்பத்தெட்டு வயதிலும் அவள் அப்படித்தான். மூன்று நாளாக அந்த மனுஷனைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள். சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அவனைப் படத்துக்குள் கொண்டுவருவாள், ஒரு தோள் தெரியும், ஒரு காது தெரியும், அவ்வளவுதான், படம் இழுக்கும், நடுங்கும், நின்றுவிடும். நிற்கிற அந்த நொடியில் வடிவு என்ன செய்வாள்? யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தாள். இந்தச் சனியன் பிடித்த பெட்டிக்கு என்ன வந்தது என்று இடது பக்கம் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். அங்கே திருப்பூரில் பிரமுவின் போனில் அக்கா முகத்தைத் திருப்பினபடியே சிலையாகி நின்றாள், படம் மறுபடி ஓடுவதற்குள் பிரமு கோபத்தில் போனை வைத்துவிட்டாள், பிறகு எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. மூன்று நாளும். 'அக்கா முகம் அந்தப் பக்கம். ஏன்.' நெட் சரியில்லட்டி என்று வடிவு எழுதினாள். 'எல்லாரும் நெட்.' அதற்குப் பதில் அது. உண்மைதானே, பேசப் பிடிக்காத எல்லாரும் சொல்கிற பொய் அதுதானே, நாமே எத்தனை தடவை சொல்லியிருப்போம், சின்ன மாமியார் ஆற்றங்கரைக் கோயில் கொடைத் திருவிழாவை வீடியோவில் காட்டினபோது சொல்லவில்லையா. ஊரே அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது, இப்போது நிஜமாகவே நெட் நிற்கும்போது சொல்ல வேறு வார்த்தை இல்லை.

ஆனால் திரும்பினது எப்போது? இந்த இடத்துக்கு வந்தால் மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது, முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. செவ்வாயும் புதனும் சந்தேகமே இல்லை, படம் இழுத்தது, பிறகு திரும்பினாள். திங்கட்கிழமை? முதல் நாள்? தோள் தெரிந்தது, காது தெரிந்தது, அந்தக் காதுக்குப் பின்னால் மெஷின்கூட இல்லை, ஆக இவனுக்கும் கொஞ்சம்கூடக் கேட்காது என்று மனசு ஒரு எட்டு பின்னால் வைத்தது, அப்போது படம் இழுத்ததா, இல்லை முகம் திரும்பின பிறகு இழுத்ததா? ஞாபகம் வரவில்லை. வராமல் இருக்குமா, வரவேண்டாம் என்று இருக்கிறதோ என்னவோ. சின்ன வயதில் சண்டை வந்தால் வடிவு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், பிரமு என்ன பேசினாலும் கேட்காது. காது கேட்காத பிள்ளையிடம் காதைப் பொத்துகிற வித்தை. பிரமு அழுதுகொண்டே வந்து அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள், இரண்டு விரலால், நகம் பதியப் பதிய. கண்ணைத் திறக்கிறவரை விடமாட்டாள். இந்தப் பிள்ளைக்கு இருந்த பிடிவாதம், ஆத்தாடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பளம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரமு கூடப் படித்த ஒருத்தனைப் பற்றி ஆரம்பித்தாள், அவனுக்கும் கேட்காது, வடிவு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி, சுவரிடம்தான் சொன்னாள், 'ரெண்டு பேருக்கும் காது கேக்கலன்னா ராத்திரி பிள்ள அழுதா யாரு கேக்க?' வார்த்தை பிரமுவுக்குத் தெரியாது. முதுகு தெரிந்தது. அன்றைக்கு அவள் வந்து தாடையைப் பிடிக்கவில்லை. பேசாமல் அப்பளத்தை எண்ணி அடுக்கிவிட்டுப் போனாள். அந்த ஒருத்தனும் எங்கேயோ போனான். இப்போது பாவி மகளே, நீ மறுபடி முதுகைக் காட்டினாயா, இல்லை ஒயர் கோளாறா? சரி, மனசை ரீடிங் எடுக்க மீட்டர் இல்லை. ஒயரை எடுக்கலாம்.

அதில் வடிவு கெட்டிக்காரி. மகளிர் கல்லூரி இயற்பியல் லேபில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளர், ஊசல் குண்டும் ஸ்டாப் வாட்சும் எடுத்துக்கொடுத்தே தலை நரைத்தது, கோடை விடுமுறை என்பதால்தான் இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகள் ஒரு தடவை அளந்துவிட்டு முடிவு எழுதினால் கனகவல்லி மேடம் நோட்டைத் தூக்கி வீசுவார்கள், மூணு ரீடிங் எடுக்காம முடிவு எழுதாதே என்று. திங்கட்கிழமை மத்தியானமே ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். யார்மேல் சந்தேகம்? முதலில் ஃபிரிட்ஜ். அணைத்துப் பார்த்தாள், தோசை மாவு புளித்ததுதான் மிச்சம். பிறகு மாடி வீட்டுக் கிரைண்டர், அவர்கள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், பாவம் அவர்களை இரண்டு நாள் மனசுக்குள் திட்டினது வீண். தண்ணீர் மோட்டார். புறா. ஆமாம், புறாவைக்கூட விடவில்லை, ஜன்னல் பக்கம் ஒயரில் உட்கார்ந்து கழுத்தை ஆட்டுகிறது, அதுவாக இருக்குமோ என்று கரண்டியோடு நின்றாள். கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாகப் பெட்டியை அணைத்துப் போடுங்கள் மேடம் என்றது. வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ஒன்பது மணிக்கு உரக்கடைக்குக் கிளம்பும்போது அதையே சொன்னார், அணைச்சுப் போடு. எதற்கெடுத்தாலும் உலகத்துக்கு ஒரே வைத்தியம். ஆனால் அவர்தான் தெரியாமல் ஒன்று சொன்னார், 'ராத்திரி ஏழு மணிச் செய்தியும் இப்படித்தான் ஆரம்பத்துலயே நிக்கி, ஒரு மாசமா.' ஏழு. பதினொன்று. வடிவுக்குப் பொறி தட்டியது. அன்றையிலிருந்து விடிந்தது தொட்டுப் போனில் ஏதாவது ஒரு படத்தை ஓடவிட்டுக்கொண்டே வீட்டு வேலை பார்த்தாள். ஏழு, நின்றது. ஒன்பது, நின்றது. பதினொன்று. ஒன்று. மூன்று. ஐந்து. இரண்டு மணிக்கு ஒரு தடவை, நிமிஷம் பிசகாமல், ஒன்றரை நிமிஷம். நோட்டில் அந்த எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதைப் பார்த்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு கோளாறு இருக்குமா? கோளாறு என்றால் கன்னாபின்னா என்றுதானே வரும். இது யாரோ மனுஷர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யாரோ இரண்டு மணிக்கு ஒரு தடவை எதையோ செய்கிறார்கள். யார் அது, என்ன செய்கிறார்கள்?

நேற்று ஐந்து மணிக்குத்தான் காதை வைத்தாள். அலமாரிக்குள் தலையை விட்டு, முருகனை ஒரு பக்கம் நகர்த்தி மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, சுவரில் காதை வைத்தால் அந்தப் பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், பெட்டி திணறியது, போனில் படம் நின்றது, கடைசியில் 'டிங்'. டிங்! ஓவன்! உடனே கனகவல்லி மேடம் கண்ணுக்குள் வந்துவிட்டார்கள், லேபில் மைக்ரோவேவ் சோதனைக் கருவியைத் தூக்கிவைக்கச் சொல்லிவிட்டு பிள்ளைகளிடம், 'உங்க வீட்டு ஓவனும் வைஃபையும் ஒரே அலைவரிசைத் தெருவுலதான் நடக்குது, ஓவன் கொஞ்சம் கசிஞ்சாலும் பக்கத்துல இருக்கவன் பேச்சு கேக்காது' என்று சொன்னது அப்படியே காதில். வடிவு அலமாரிக்குள் தலை இருக்கிறது மறந்து நிமிர்ந்து உச்சந்தலையில் இடித்துக்கொண்டாள். ஐந்து அங்குலச் சுவர். இந்தப் பக்கம் சாமியோடு சாமியாகப் பெட்டி, அந்தப் பக்கம் ஓவன், முதுகோடு முதுகு. பெட்டி ஒழுங்காக ஹாலில்தான் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, ஸ்டாப் வாட்ச் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து அடுக்கினபோது, நாள் முழுக்க உழைக்கிறது இதுதானே, இதை விடலாமா என்று அவளேதான் ஒயரோடு இழுத்துக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் மற்றதையெல்லாம் எடுத்தாயிற்று. இதை எடுக்க மனசு வரவில்லை, இங்கேயே இருக்கட்டும், அம்மன் பார்வையில் இருந்தால் நல்லா ஓடும் என்று விட்டுவிட்டாள். பிசிக்ஸ் லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் செய்கிற காரியமா? வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

பத்து நாற்பத்தெட்டு. இன்றைக்கு ஏழும் பார்த்தாயிற்று, ஒன்பதும் பார்த்தாயிற்று, நேற்று ஐந்தோடு மூன்று ரீடிங். முடிவு எழுதலாம். எழுதி? போய்க் கதவைத் தட்டி, ஐயா, பதினோரு மணிக்கு ஓவனைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியதுதான். அதில்தான் கால் எழவில்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் குடிவந்தவர்கள், வடிவு ஒரு டம்ளர் சீனிகூடக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை, ஒரு பெரியவர் பால் பாக்கெட் எடுக்க வருவார், தலையை ஆட்டுவார், இவளும் ஆட்டுவாள். முதல் பேச்சே 'உங்க வீட்டுல அதைச் செய்யாதிய' என்றா இருப்பது. பேசாமல் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடலாமா? இந்தக் கட்டடத்துக்குள் போனுக்குச் சொந்த சிக்னல் ஒரு கோடுதான், கேட்டுக்கு வெளியே போனால் கிடைக்கும். போன வருஷம் ஒரு தடவை போய், மதில்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினாள், கை இரண்டும் வேண்டுமே, மே மாச வெயிலில் படம் கறுப்பாகத் தெரிந்தது, இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து, 'என்னம்மா, ஆரும் தவறிட்டாவளா?' என்று கேட்டார். நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறார். அங்கே நின்று தங்கச்சி கல்யாணத்தைப் பேசவா? முடியாது. எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு விஷயம் உண்மை, பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தடவை அந்த வீட்டில் என்னதான் சூடாகிறது? யார் அப்படிச் சாப்பிடுகிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

பெரியவர்தான் கதவைத் திறந்தார். முழுக்கைச் சட்டை, கையில் வாட்ச், வீட்டுக்குள்ளேயே வாட்ச்.

"வாங்கம்மா. பக்கத்து வீடுதான? நான் எபனேசர். டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனேன்."

"ஒண்ணுமில்ல சார், உங்க ஓவன் எந்தச் சுவர்ல இருக்குன்னு பாக்க வந்தேன்," என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள், வைஃபை, பூஜை அலமாரி, திருப்பூர், காது கேட்காத தங்கச்சி, பதினோரு மணி, முகம். சொல்லிக்கொண்டே கண் உள்ளே போனது. சுவரோரம் கட்டில். கட்டிலில் ஒரு அம்மா, மெலிந்து, மூக்கில் ஒரு மெல்லிய குழாய் ஒட்டியிருந்தது. தலைமாட்டில் அட்டையில் பெரிய எழுத்தில் 7, 9, 11, 1, 3, 5, 7, 9, முதல் இரண்டுக்கும் எதிரே பேனாவால் டிக். வடிவு நோட்டில் இருந்த அதே எண்கள். அதே வரிசை.

"எங்க வீட்டம்மா, கிரேஸ்," என்றார் எபனேசர். "பக்கவாதம். வாயில முழுங்க முடியாது, பேச்சும் போயிட்டு. ரெண்டு மணிக்கு ஒரு தரம் கஞ்சித் தண்ணி குழாய் வழியா ஊத்தணும். அடுப்புல வச்சேன், ஒரு நாள் சூடு கூடிப்போச்சு. குழாய்ல போறது சூடுன்னு அவளால சொல்ல முடியுமா? அன்னையிலேருந்து ஓவன்தான். ஒன்றரை நிமிஷம், அளவு மாறாது."

"ஐயோ சார், நான் ஒண்ணும் கேக்க வரல. நீங்க உங்க நேரத்துக்குப் போடுங்க. நான் பாத்துக்கிடுதேன், பெட்டியத் தள்ளி வச்சா ஆச்சு."

கட்டிலில் அந்த அம்மாவின் இடது கை மெத்தை ஓரத்தை இரண்டு தடவை தட்டியது. நின்றது. மறுபடி இரண்டு தடவை.

"அது பாட்டுக்கு அசையும்மா," என்றார் அவர். "நரம்புத் துடிப்பு. ஒரு மாசமா இப்படித்தான்."

பத்து ஐம்பத்தாறு. வீட்டுக்குள் வந்தவள் நேராக அலமாரிக்குப் போய்ப் பெட்டியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த புண்ணியவான் அந்த மெல்லிய ஒயரையும் சுவரோடு சேர்த்து வரிசையாக ஆணியடித்து, மேலே பெயிண்டும் பூசியிருந்தார், அழகாக இருக்கும் என்று. இழுத்தால் ஒயர் உள்ளே ஒடிந்துவிடும், கண்ணாடி நார், பிறகு பதினோரு மணி மட்டும் இல்லை எந்த மணியும் கிடையாது. ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்க நாலு நிமிஷம் போதாது. அழுகை வந்தது, வரட்டும் என்று இரண்டு சொட்டு விட்டாள். கஞ்சித் தண்ணி. இவ்வளவு நாள் திட்டின திட்டெல்லாம் ஒரு கிண்ணம் கஞ்சியைப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நோட்டில் இவள் கோளாறு என்று எழுதினதெல்லாம் அங்கே ஒரு மனுஷன் தவறாமல் போட்ட டிக். அந்தக் கை, மெத்தையைத் தட்டின கை, இரண்டு தட்டு, நிறுத்தம், இரண்டு தட்டு, நரம்பு அப்படியா தட்டும்? கை ஒன்று சும்மா அசைவதற்கும் சொல்வதற்கும் வித்தியாசம் தெரியாதா, முப்பத்தெட்டு வருஷம் கையைக் கேட்டவளுக்கு? அப்புறம் பார்க்கலாம், இப்போது நேரமில்லை. டைனிங் மேசையில் காப்பித்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். நிற்கட்டும். படம் நிற்கத்தான் போகிறது, நிற்கட்டும். நிற்கும்போது இந்த முகம் நேராக இருக்கும். இடது பக்கம் இடி விழுந்தாலும் திரும்பமாட்டேன். நின்று போன படமாவது அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். திங்கட்கிழமை எது முதலில் நடந்தது என்று சாமிக்குத்தான் தெரியும், இன்றைக்கு எனக்குத் தெரியும்.

பதினொன்று. போன் மின்னியது. பிரமு. முகம் கடுகடு என்று. பக்கத்தில் ஒருத்தர் முழுசாக நின்றார், வெறும் தோள் இல்லை, வெறும் காது இல்லை, முழு ஆள், குட்டையான மனிதர், இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. பிரமு இரண்டு விரலால் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள், அதுதான் கையால் பேசுகிற அவர்கள் கூட்டத்தில் அவர் பேர், புருவத் தழும்பு. வடிவு கண்ணை இமைக்காமல் பார்த்தாள். இப்போது நிற்கும். இதோ. நிற்கவில்லை. சௌந்தர் கும்பிட்டார், பிறகு அந்தக் கை பேசியது: அக்கா சாப்பிட்டீங்களா? வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்த மனுஷன் இந்தக் கேள்வியைக் கேட்கத்தானா மூன்று நாளாக நிற்கிறார், சாப்பிட்டேன் தம்பி, நீங்க? டீ, பன். பன் நல்லா இருக்காது. அவர் கை சின்னதாகப் பேசியது, யாரையும் இடிக்காமல். வடிவு தன் கையை நெஞ்சில் வைத்து எடுத்து, எனக்குச் சம்மதம் என்றாள். நாளைக்கு வரச் சொல்லு, நானும் பஸ் ஏறி வாரேன். சொல்லிவிட்டாள். ராத்திரி அழுகிற பிள்ளையைப் பற்றிய பயம் இருந்தது, இல்லாமல் போகவில்லை, அதையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பேசிக்கொள்ளலாம். பிரமு சந்தோஷப்படவில்லை. அவள் கை வெடுக்கு வெடுக்கென்று வந்தது. மூணு நாள் முகம் அந்தப் பக்கம். இன்னைக்குச் சம்மதம். எது நிஜம்? பக்கத்து வீட்டில் ஓவன், கஞ்சி, சுவர் என்று வடிவு கை வலிக்கச் சொன்னாள். பிரமு உதட்டைப் பிதுக்கினாள். இன்னைக்கு மணி பதினொண்ணு தாண்டியாச்சு. ஏன் நிக்கல? நல்ல கேள்வி. பதினொன்று ஏழு. ஏன் நிற்கவில்லை? வடிவுக்கு அப்போதுதான் உறைத்தது. டிங் கேட்கவே இல்லை. மூன்று நாளாக நிற்காதே நிற்காதே என்று கும்பிட்ட படம் இன்றைக்குக் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டு அவளைப் பொய்க்காரி ஆக்குகிறது. கொஞ்சம் இருட்டி, காட்டுதேன், என்று சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

கதவு திறந்தே இருந்தது. எபனேசர் ஓவனுக்கு முன்னால் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் உள்ளே இருந்தது. அட்டையில் பதினொன்றுக்கு எதிரே டிக் விழவில்லை.

"என்ன சார் இது? அம்மாவுக்கு நேரம் ஆகுதே!"

"உங்க தங்கச்சி பேசுத நேரம்னு சொன்னியளே," என்றார். "முப்பத்துநாலு வருஷம் ஒரு பஸ்ஸ லேட்டா விட்டதில்ல. ஒரு நாள் கால் மணி நேரம் லேட்டா விட்டா கிரேஸ் கோவிச்சுக்கமாட்டா. முடிஞ்சுதாம்மா?"

"முடியல சார். போடுங்க. நீங்க போட்டாத்தான் முடியும்."

அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வடிவு ஓவனைப் படத்தில் காட்டினாள், சுவரைக் காட்டினாள், அட்டையைக் காட்டினாள், கட்டிலைக் காட்டினாள். பிரமு அந்த அம்மாவைப் பார்த்தாள். கிரேஸின் இடது கை எழுந்து மெத்தை ஓரத்தைத் தட்டியது, இரண்டு தடவை, மறுபடி இரண்டு தடவை. உடனே பிரமுவின் கை அதட்டியது: அந்தம்மா உன்னை உக்காரச் சொல்றாங்க. எவ்வளவு நேரமா சொல்றாங்க. நீ ஏன் நிக்கறே?

"என்னம்மா சொல்லுதா உங்க தங்கச்சி?"

"அம்மா என்னை உக்காரச் சொல்லுதாவளாம் சார்."

எபனேசர் ஓவன் கதவில் கையை வைத்தபடி திரும்பி மனைவியைப் பார்த்தார். ஒரு மாசமாக அந்தக் கை தட்டிக்கொண்டிருந்தது. அவரும் ஒரு மாசமாக நின்றுகொண்டே இருந்திருக்கிறார், கிண்ணத்தோடு, வாட்சோடு. "கிரேஸு," என்றார். அவ்வளவுதான் வந்தது. பிறகு பொத்தானை அழுத்தினார்.

வடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போனை எதிரே பிடித்தாள். ம்ம்ம் என்று முனகல் ஆரம்பித்தது. படம் இழுத்தது, பிரமுவின் கை இரண்டாகி மூன்றாகி, அவள் ஏதோ கேட்கப் போன முகத்தோடு அப்படியே நின்றாள், புருவத் தழும்புக்காரர் அவளுக்குப் பின்னால் பாதி பன்னோடு நின்றார். வடிவின் கழுத்து தானாக இடது பக்கம் போகப் பார்த்தது. எதற்கு என்று தெரியாது, பழக்கம், எத்தனையோ வருஷப் பழக்கம். போகவிடவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை. ஒன்றரை நிமிஷம் இவ்வளவு நீளமா? எபனேசர் மெத்தையின் மறு ஓரத்தில் உட்காருவது தெரிந்தது, பார்க்கவில்லை. அந்த அம்மா மூச்சு விடுவது கேட்டது. நின்றுபோன அந்த முகத்தை அவள் இதுவரை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை, காதோரம் நரை வந்துவிட்டது பிள்ளைக்கு, எப்போது வந்தது.

டிங்.

படம் குலுங்கி ஓடியது. பிரமு அங்கேயேதான் இருந்தாள், கேமராவுக்கு வெகு பக்கத்தில், கண் இரண்டும் தளும்பத் தளும்ப. இவ்வளவு நேரமும் அக்கா முகம் தன்னைப் பார்த்தபடி நின்றதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விரலை நீட்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து தாடையைப் பிடிக்கிற மாதிரி வந்தாள். வடிவு தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தாள்.